தூசி சாரின் தட்டு

என் வீட்டுக்காரரைத் துறைமுகக் குடியிருப்பில் எல்லோரும் "தூசி சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவர் தூசி சார் என்றால் நான் யார்? தூசியம்மா. காய்கறிக்காரர் முதல் தபால்காரர் வரை, "என்ன தூசியம்மா, இன்னைக்குக் காத்து எப்படி?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. ஒரு நாளாவது புதிதாக எதையாவது யோசித்துக்கொண்டு வரக் கூடாதா?

துறைமுகத்தின் சுற்றுச்சூழலை அளப்பதுதான் அவர் வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் கூடையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு போவார். கப்பல் வந்து நிற்கிற பெர்த்துகளில் கயிறு விட்டுத் தண்ணீர் மொண்டு, பாட்டிலில் நிரப்பி, சீட்டு ஒட்டுவார். பிறகு ஒரு கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தத்தை அளப்பார். இப்போதெல்லாம் அங்கே அளக்கிற அளவுக்குச் சத்தம் போடுவது புறாக்களும் துறைமுக மேலாளரின் தும்மலும்தான். உருக்காலையை மூடியாயிற்று. உர ஆலையையும் மூடியாயிற்று. வரிசையாக இருக்கிற பெர்த்துகளில் கப்பல் வருவது நிலக்கரி பெர்த் ஒன்றுக்குத்தான். மற்றவற்றில் தண்டவாளத்துக்கு நடுவே செடி முளைத்துப் பூவும் பூத்துவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், உருக்காலை மூடியதும் தண்ணீரில் எண்ணெய் குறைந்தது, உர ஆலை மூடியதும் காற்றில் நெடி குறைந்தது. இவர் அளந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தார். மேலாளர் என்னவோ தானே இறங்கித் தேய்த்துக் கழுவிய மாதிரி, "தூய்மையான துறைமுகம்" என்று வாசலில் பெரிய பலகை வைத்துவிட்டார். வேலை போனவர்கள் அந்தப் பலகைக்குக் கீழேதான் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள். பலகை பெரியதாக இருப்பதால் நல்ல நிழல்.

தூசி அளக்கிற இயந்திரம் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. நிலக்கரிக் குவியலிலிருந்து காற்று எங்கள் குடியிருப்புப் பக்கம்தான் அடிக்கும் என்பதால் எங்கள் மொட்டை மாடியில் வைத்துவிட்டார்கள். ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி. உள்ளே மோட்டார். அது காற்றை இழுத்து ஒரு வெள்ளைத் தாள் வழியாக விடும். வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஓடவிட்டால் மறுநாள் காலை வரை ஓடும். பிறகு இவர் போய்த் தாளை எடுத்து, லேபில் எடை போடுவார். ஓடுவதற்கு முன் ஒரு எடை, ஓடிய பிறகு ஒரு எடை. நடுவில் கூடியது எவ்வளவோ அவ்வளவையும்தான் நாங்கள் மூச்சில் இழுத்தோம் என்று அர்த்தம். ஓடுகிற நாளில், பக்கத்து வீட்டு மிக்ஸியை யாரோ அணைக்க மறந்து வெளியூர் போய்விட்ட மாதிரி இருக்கும்.

இவருக்குச் சுட்டுப்போட்டாலும் பொய் வராது. கல்யாணம் பேச வந்த அன்று என் அப்பா, "பொண்ணைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். இவர் நிதானமாக, "ஒரு தடவைதானே பார்த்திருக்கேன், இன்னும் ரெண்டு தடவை பார்த்தா சொல்லலாம்" என்றார். ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாதாம்! அப்பா அசந்து போய்விட்டார். நான் அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். அறிக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போய்ச் சேரும்வரை ஒரு எண்ணைக்கூட வீட்டில் சொல்ல மாட்டார். தலைகீழாக நின்றாலும் சொல்ல மாட்டார். ஆனால் வாய்க்குத்தான் பூட்டு, வயிற்றுக்கு இல்லையே. அளவு நன்றாக வந்தால் சாப்பிடும்போது, "இன்னும் கொஞ்சம் போடு" என்று தட்டை நீட்டுவார். மோசமாக வந்தால் முதல் தடவை போட்டதையே கிளறிக்கொண்டிருந்துவிட்டு எழுந்துவிடுவார். அவர் தட்டைப் பார்த்தே நான் துறைமுகத்தின் காற்றைத் தெரிந்துகொள்வேன். என் தம்பிக்கும் இது தெரியும். வினையே அதில்தான் வந்தது.

என் தம்பி நிலக்கரி பெர்த்தில் கிரேன் ஓட்டுகிறவன். அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. பக்கத்துக் கட்டடத்தில் தனியாக இருக்கிறான், சாப்பாடு எங்கள் வீட்டில். கிரேனை அவன் "அவ" என்றுதான் சொல்லுவான். "இன்னைக்கு அவ கொஞ்சம் முரண்டு பண்ணினா, அக்கா" என்பான். இந்தக் கிறுக்கனுக்குப் பெண் பார்க்கப் போய் நான் பட்ட பாடு தனிக் கதை.

அந்த வருஷம் வாரியத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மூன்று மாதச் சராசரியில் தூசி வரம்பைத் தாண்டினால் நிலக்கரி பெர்த்தை மூடிவிட வேண்டும். கடைசி பெர்த். அதுவும் போய்விட்டால் கிரேனை இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள். என் தம்பியை எங்கே போடுவது? அவனுக்கு வேறு தொழில் தெரியாது. தரையில் நடக்கும்போதுகூடக் கீழே பார்த்துத்தான் பேசுவான், அவ்வளவு காலம் உயரத்திலேயே இருந்துவிட்டான்.

குவியலுக்குத் தண்ணீர் தெளிக்க ஒரு பம்பு உண்டு. அது பழுதாகி எவ்வளவோ காலமாகிவிட்டது. இவர் ஒவ்வொரு அறிக்கையிலும் "பம்பு ஓடவில்லை" என்று எழுதுவார். மேலாளர் ஒவ்வொரு தடவையும் "பார்க்கலாம்" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

முதல் மாதம் ஒரு நாள், இவர் தட்டை நீட்டாமல் எழுந்தார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அடுத்த தடவையும் நீட்டவில்லை. அதற்கடுத்த தடவை பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்.

"மாமா, எவ்வளவு வந்துச்சு?" என்று தம்பி கேட்டேவிட்டான்.

"ரிப்போர்ட் போகட்டும், மாப்ள."

"கூடவா குறைவா, அதையாவது சொல்லுங்க."

"ரிப்போர்ட் போகட்டும்."

எனக்கு வந்ததே கோபம். "ஏங்க, அவன் என்ன ரோட்டுல போறவனா? அவன் பொழப்பு அதுல தொங்குது. கொஞ்சம் குறைச்சு எழுதினா உங்க கை என்ன தேஞ்சா போயிடும்?" என்று கத்தினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "குறைச்சு எழுதினா தூசி குறையாதும்மா" என்றார். தட்டை ணங்கென்று வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான்.

அவருக்குள்ளும் ஒரு குடைச்சல் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கப்பல் வந்து நிலக்கரி இறக்குகிற நாளில் தாளின் எடை சுமாராக வருகிறது. கப்பலே இல்லாத நாளில் எகிறுகிறது! எங்காவது உண்டா இப்படி? தராசைச் சரிபார்த்தார். மோட்டாரைப் பிரித்துப் பூட்டினார். தாளை மாற்றினார். தூக்கத்தில், "கப்பலே இல்லையே, கப்பலே இல்லையே" என்று புலம்பினார். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. எங்கள் துறைமுகத்தின் காற்று கெடக் கெட என் புருஷன் இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் மத்தியானம் லேபிலிருந்து நேராகச் சமையலறைக்குள் வந்தார். வீட்டில் இருந்த துடைப்பங்களையெல்லாம் எடுத்து வரிசையாகத் தரையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த ஒரு துரும்பை ஒவ்வொரு துடைப்பத்தோடும் வைத்து வைத்துப் பார்த்தார்.

"என்னங்க இது? பைத்தியம் கியித்தியம் பிடிச்சிடுச்சா?"

"தாள் மேல இது ஒட்டியிருந்துச்சு. துடைப்பத் துரும்பு. நம்ம வீட்டுத் துடைப்பம் இல்லை."

"அப்ப என் மேல சந்தேகப்பட்டுத்தான் தேடுனீங்களா?"

"எல்லாத்தையும் பார்க்கணும் இல்ல?" என்றார். சந்தேகம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? பொய் வராத மனிதரோடு குடும்பம் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை, சொல்லிவிட்டேன்.

அடுத்து இயந்திரம் ஓடுகிற நாளில் அவர் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மேல் சந்தேகப்பட்டவர் யாரைப் பிடிக்கிறார் என்று பார்க்க வேண்டாமா? அன்றைக்குக் கப்பல் இல்லை. வெயில் ஏறியது. கால் மரத்துப் போனது. "போதும், எழுந்திருங்க" என்று நான் சொல்ல வாயெடுத்தபோது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

வந்தவன் என் தம்பி. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் புதுத் துடைப்பம். இயந்திரத்துக்கு முன்னால் வந்து நின்று, அதன் கூரையைத் தடவிக் கொடுத்தான்.

"இந்தா பாரு," என்றான் அதனிடம், "மாமா மூணு நாளா சரியாச் சாப்பிடலை. நேத்து பாதியில எழுந்துட்டார். போன தடவை நான் சுத்தமாக் கூட்டினேனே, அப்புறமும் எங்கேருந்துதான் இழுக்கிற? இன்னைக்கு ஒரு பொட்டுத் தூசி இல்லாம கூட்டிவிட்டுடறேன். நீயும் கொஞ்சம் பார்த்து நடந்துக்க."

சொல்லிவிட்டு, இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி, குனிந்து, மூலை முடுக்கெல்லாம் விடாமல், வீசி வீசிக் கூட்டினான் பாருங்கள்! மாடியில் எத்தனை காலமாகவோ படிந்திருந்த தூசியெல்லாம் மேகமாக எழுந்தது. பக்கத்திலேயே அந்தப் பெட்டி ஹோவென்று வாயைத் திறந்துகொண்டு அவ்வளவையும் உள்ளே இழுத்தது.

எனக்கு எல்லாம் அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது. கப்பல் வருகிற நாளில் அவன் கிரேன் மேலே இருப்பான், கூட்ட ஆள் இல்லை. கப்பல் இல்லாத நாளில் வெட்டியாக இருப்பான், கூட்ட வந்துவிடுவான். இவன் கூட்டக் கூட்ட அளவு ஏறும். அளவு ஏற ஏற அவர் தட்டை நீட்ட மாட்டார். அவர் நீட்டாததைப் பார்த்துவிட்டு இவன் இன்னும் பலமாகக் கூட்டுவான். பெர்த்தைக் காப்பாற்றுகிறேன் என்று அதற்குக் குழி தோண்டிக்கொண்டிருந்திருக்கிறான் என் அருமைத் தம்பி!

"அடப் பாவி!" என்று நான் போட்ட கூச்சலில் தொட்டி மேல் இருந்த புறாக்களெல்லாம் பறந்துவிட்டன. "கூட்டுறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கணும்னுகூடத் தெரியாதாடா உனக்கு?"

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தான். இவர் எழுந்து போய் இயந்திரத்தை அணைத்தார். காது அடைத்த மாதிரி அவ்வளவு அமைதி. பிறகு இவருக்குத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போய்ப் பார்த்தால் சிரிக்கிறார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தே பல மாதமாகியிருந்தது. தம்பியும் சிரித்தான். நானும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும்தான் மிச்சம் ஞாபகத்துக்கு வந்தது. அளவு ஏறியதை விசாரிக்க அந்த வாரமே வாரியத்திலிருந்து ஆள் வருகிறார்கள். அளவுகள் செல்லாது என்று ஆக்கினால் பெர்த் பிழைக்கும். ஆனால் ஏன் செல்லாது என்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் தம்பி மாட்டுவான். அளக்கிற கருவியில் கை வைத்தவனுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிப்பார்கள் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அவன் பேரைச் சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

"நான் தூக்கி வளர்த்த பிள்ளைங்க அவன்."

நான் அதன் பிறகு அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டேன், பேசவில்லை. அவரும் சாப்பிட உட்கார்ந்தார், சாப்பிடவில்லை. தம்பி வெட்கத்தில் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம், இரண்டு பேரை நினைத்தும் அழுகை. எதற்கு அழுகிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விசாரணைக்கு வந்தது ஒரு அம்மாள். இயந்திரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று மாடிக்கே ஏறி வந்துவிட்டார். கூடவே மேலாளர், தும்மிக்கொண்டே. மாடியில் துணி காயப்போட்டிருந்ததால் நானும் அங்கேயே நின்றேன். ஈரத் துணியை எத்தனை தடவை உதறினேன் என்று கேட்காதீர்கள். தம்பி படிக்கட்டு வாசலில் சுவரோடு சுவராக நின்றான்.

அதிகாரியம்மாள் கேட்டார்: "கப்பல் இல்லாத நாள்ல அளவு இவ்வளவு ஏறியிருக்கு. இயந்திரம் யார் பொறுப்பு?"

"என் பொறுப்புதான் மேடம்," என்றார் இவர்.

"ஏன் ஏறுச்சு?"

"பக்கத்துல இருந்த தூசியைக் கிளப்பிவிட்டிருக்கு மேடம். அதனால அந்த அளவெல்லாம் செல்லாது."

"யார் கிளப்பினது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஈரச் சட்டை ஒன்றை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

"புறா மேடம்," என்றார் என் வீட்டுக்காரர்.

கண்ணைத் திறந்தேன். அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன. பார்வை இயந்திரத்தின் காலடியில் இருந்தது.

"புறாவா?"

"ஆமா மேடம். நிறையப் புறா. இங்க வந்து… இறக்கையை அடிச்சுக்கும். பலமா அடிச்சுக்கும்." கையை வேறு அடித்துக் காட்டினார். ஐயோ, பார்க்கச் சகிக்கவில்லை.

அதிகாரியம்மாள் கோப்பைப் புரட்டினார். "போன வாரக் குறிப்புல நீங்களே எழுதியிருக்கீங்களே, தாள்ல துடைப்பத் துரும்பு ஒட்டியிருந்துச்சுன்னு. புறா துடைப்பம் வெச்சிருந்துச்சா சார்?"

வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் சொல்ல வந்து, தன் உண்மையிலேயே போய் முட்டிக்கொண்டு நிற்கிறார் மனிதர். கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. தம்பிக்காக நான் வாயே திறக்காமல் இருந்திருக்கலாமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. எனக்காகக்கூட ஒரு தடவை பொய் சொன்னதில்லையே இவர்!

"மாமா, விடுங்க," என்று தம்பி முன்னால் வந்தான். "உங்களுக்கு இது வராது. நான்தான் மேடம் கூட்டினேன். கிரேன் ஓட்டுறவன். மாமாவுக்குத் தெரியாது."

"எதுக்குக் கூட்டினே?"

"மெஷினுக்குள்ள தூசி போகக் கூடாதுன்னு மேடம்."

"மெஷின் ஓடிட்டிருக்கும்போதா?"

"ஓடாதப்பக் கூட்டினா என்ன மேடம் பிரயோஜனம்?"

அதிகாரியம்மாள் சட்டென்று திரும்பிக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டார். முதுகு மட்டும் லேசாக ஆடியது. மேலாளர், "கருவியில கை வெச்சிருக்கான், இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று பாய்ந்தார். அந்த அம்மாள் முகத்தைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

"அளவைக் குறைச்சுக் காட்டினவனைத் தண்டிக்கத்தான் எங்க சட்டத்துல இடம் இருக்கு. இவர் பக்கத்துலயே நின்னு கூட்டிக் காட்டியிருக்கார். தன் வயித்துல தானே அடிச்சுக்கிட்டவரை எந்தப் பிரிவுல போடுறதுன்னு எனக்குத் தெரியலை. நீங்க கண்டிச்சு விட்டுடுங்க. அது சரி, அந்தப் பம்பு ஏன் இத்தனை காலமா ஓடலை? அதுக்குச் சட்டத்துல பிரிவு இருக்கு."

மேலாளருக்குத் தும்மல் நின்றுவிட்டது.

பழைய அளவுகள் ரத்தாயின. மூன்று மாதம் மறுபடி அளக்க வேண்டும் என்றார்கள். இயந்திரத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டுப் பூட்டினார்கள். பம்பு ஓடத் தொடங்கியது. தண்டனையாகத் தம்பியைக் கொஞ்ச நாள் கிரேனிலிருந்து இறக்கி, குவியலுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிற குழாயைக் கையில் கொடுத்தார்கள். "தண்ணி தெளிக்கத் தெரியாதான்னு கேட்டியேக்கா, இப்ப நாள் பூரா அதுதான் வேலை" என்று மூக்கால் அழுதான். கிரேனை அண்ணாந்து பார்த்து ஏங்கிக்கொண்டே கரிக்குத் தண்ணீர் காட்டினான்.

ஆனாலும் பயம் போகவில்லை. முன்பு கூடியதற்குத் துடைப்பம் காரணம். இப்போது கூடினால் கரிதான் காரணம். அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இவர் முன்னைவிட மோசமாகிவிட்டார். சராசரி முழுதாகத் தெரியும்வரை தட்டை நீட்டுவதே இல்லை என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. நான் தட்டை வைத்துக் கண்டுபிடிப்பது அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ.

கடைசித் தாளை எடை போட்ட அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். தம்பி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான், முட்டிவரை கரி. நான் இரண்டு பேருக்கும் போட்டேன். தம்பி சாப்பிடுகிற பாவனையில் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கரண்டியும் கையுமாக நின்றேன்.

அவர் மெதுவாகச் சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு காலித் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன்.

தட்டை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

போட்டேன். பாதி தட்டுக்கு வெளியே சிந்தியது. தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து குழாயடிக்குப் போனான். தண்ணீரைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான்.

"ரிப்போர்ட் இன்னும் போகலை," என்றார் இவர், என்னையும் குழாயடியையும் மாறி மாறிப் பார்த்து. "நான் யாருக்கும் எதுவும் சொல்லலை."

"யாருங்க கேட்டா?" என்றேன். "சாப்பிடுங்க."